ஜூலையில் பழுத்த தக்காளி

மகள் ஐரோப்பாவுக்குக் கிளம்பியபோது என் கணவர் ஒரே ஒரு நிபந்தனைதான் விதித்தார். தினமும் ஒரு படம் அனுப்ப வேண்டும், அதில் அவள் முகம் இருக்க வேண்டும். கோபுரமும் பாலமும் இணையத்தில் நிறையக் கிடைக்கும், முகம் கிடைக்காது என்றார்.

அவளுக்குப் பத்தொன்பது வயது. முதுகுப் பையைத் தூக்கி மாட்டிக்கொண்டபோது பின்னால் சாயப் பார்த்தாள். கூடவே ஒரு சிநேகிதி போனாள். அந்தப் பெண்ணின் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து நியூசிலாந்துக்கு வந்து, எங்களுக்குப் பக்கத்துப் பகுதியான த்ரீ கிங்ஸில் இருக்கிறது. இரண்டு மாதம், ஏழு நகரங்கள். அங்கே காலை ஒன்பது மணி என்றால் ஆக்லாந்தில் மாலை ஏழு. நாங்கள் சாப்பிட உட்காரும் நேரத்தில் குடும்பக் குழுவில் படம் வந்துவிடும். பாரிஸில் முகம் பெரிதாக இருந்தது. ஆம்ஸ்டர்டாமில் பாதியானது. பிராகில் பாலத்தின் ஓரத்தில் கடுகளவு தெரிந்தது. என் கணவர் இரண்டு விரலால் படத்தை இழுத்துப் பெரிதாக்கி, "இருக்கா, இருக்கா" என்று சொல்லிவிட்டு ஒரு கட்டைவிரலும் 'சாப்டியா'வும் அனுப்புவார். அதன் பிறகுதான் சோற்றில் கை வைப்பார்.

வியன்னாவில் சிநேகிதி பிரிந்து லண்டனுக்கு வேலை தேடிப் போய்விட்டாள். மீதியை மகள் தனியாகவே சுற்றினாள். வெனிஸ், ஃப்ளோரன்ஸ், கடைசியாக ரோம். ரோமிலிருந்து திரும்பும் விமானத்துக்கு இன்னும் எட்டு நாள் இருந்தபோதுதான் அது நடந்தது.

அது ஒரு புதன்கிழமை காலை. ஹில்ஸ்பரோவில் எங்கள் வீட்டு டிரைவ்வே செங்குத்தானது. குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்துப் போனவர் பாதியில் அதன் மேல் கை ஊன்றி நின்றுவிட்டார். மழை பெய்துகொண்டிருந்தது. நனைந்துகொண்டு எதற்கு நிற்கிறார் என்று எரிச்சலோடுதான் கதவைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். இதயத்தின் தசை அடிபட்டால் ரத்தத்தில் ஏறும் அந்த அளவைத் தினமும் யார் யாருக்கோ பார்த்துக் குறித்து அனுப்புகிறவள். அன்று டாக்டர் அவருடைய எண்ணைச் சொன்னபோது பக்கத்தில் நாற்காலி இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் உட்கார்ந்தேன். அன்றே ஒரு அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னொன்று இருக்கிறது, அதைத் திங்கட்கிழமை செய்வோம், அதுவரை அவர் மனதுக்கு எந்தச் சிரமமும் வேண்டாம் என்றார்கள்.

மகளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தேர்வு எழுதும் பிள்ளைக்கும் பயணத்தில் இருக்கும் பிள்ளைக்கும் கெட்ட சேதி சொல்லக் கூடாது என்பது எங்கள் வீடுகளில் யாரும் காரணம் கேட்காத வழக்கம். என் அப்பா இறந்தபோது, "கொஞ்சம் சீரியஸா இருக்கார், கிளம்பி வா" என்றுதான் அண்ணன் எனக்குப் போனில் சொன்னான். ஆக்லாந்திலிருந்து திருச்சி வரை அவர் பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன். வீட்டு வாசலில் பந்தலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இந்தக் கதை மகளுக்கும் தெரியும். நானே பலமுறை சொல்லி அழுதிருக்கிறேன்.

என் கணவரின் போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டேன். வியாழக்கிழமை படம் வந்தது. கொலோசியம் சுவர், ஓரத்தில் வெயிலில் கறுத்த முகம். கீழே ஆங்கிலத்தில் கேட்டிருந்தாள்: "அப்பா எங்கே? நேற்றுக் கட்டைவிரல் வரவில்லையே." ஆபீஸில் மீட்டிங் என்று எழுதினேன். வெள்ளிக்கிழமை மாலை மறுபடி கேட்டாள். அப்பா போன் அணைந்திருக்கிறது, அவர் படம் ஒன்று அனுப்பு என்றாள்.

ஆஸ்பத்திரியின் காபிக் கடையில் உட்கார்ந்து போனைத் துழாவினேன். அவர் சிரிக்கிற படமாகத் தேடினேன். தோட்டத்தில் அவர் நிற்பது ஒன்று கிடைத்தது. அரைக்கைச் சட்டை, உள்ளங்கையில் இரண்டு தக்காளி. அதை அனுப்பி, "அப்பா ஜாலியா இருக்கார்" என்று எழுதினேன். இரண்டு டிக்கும் நீலமாயின. பதில் இல்லை.

அன்றைய படமும் வரவில்லை.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து நான் அனுப்பிய செய்திகள் எல்லாம் ஒற்றைச் சாம்பல் டிக்கில் நின்றன. பிறகு திடீரென்று அத்தனையும் இரட்டை டிக்காக மாறின. எங்கோ அந்தப் போனுக்கு உயிர் வந்திருக்கிறது. ஆனால் நீலமாகவில்லை. கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அரை மணி நேரத்தில் மறுபடி அணைந்துபோனது. போன் வேறு யார் கையிலோ இருக்கிறது என்று முடிவு செய்தேன். அதன் பிறகு என் மனம் எங்கெல்லாம் போனதோ அதை எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

அவள் தங்கியிருந்த ஹாஸ்டலின் எண்ணைத் தேடி எடுத்துக் கூப்பிட்டேன். எடுத்தவன் தூக்கத்திலிருந்து எழுந்தவன்போலப் பேசினான். பெயரைச் சொன்னேன். அவள் நேற்றே அறையைக் காலி செய்துவிட்டாள் என்றான். அடுத்த வாரம் வரை பதிவு இருக்கிறதே என்றேன். ஆமாம், ஆனால் போய்விட்டாள். தனியாகவா என்று கேட்டேன். அதையெல்லாம் சொல்லக் கூடாது மேடம் என்றவன், நான் அழுவதைக் கேட்டுவிட்டோ என்னவோ, தனியாகத்தான், ரொம்ப அவசரமாகப் போனாள், துண்டைக்கூட விட்டுவிட்டுப் போயிருக்கிறாள் என்றான்.

அந்தத் துண்டு நான் வாங்கிக் கொடுத்தது. நீல நிறம், சீக்கிரம் காயும்.

சிநேகிதியின் அம்மா மதியம் கஞ்சியோடு வார்டுக்கு வந்தார். வராந்தாவில் நிறுத்திக் கேட்டேன்.

"என்ர மகளோடயும் கதைக்கேல்லையாம் அக்கா. நான் ரெண்டு தரம் கேட்டுப் பாத்திட்டன்" என்றார்.

"உண்மையைச் சொல்லுங்க. உங்களுக்குத் தெரிஞ்சும் மறைக்கலையே?"

"ஐயோ, நான் ஏன் மறைக்கப் போறன்? நீங்கள் முதல்ல இதைக் குடியுங்கோ. விழுந்து கிடந்தா ஆர் பாக்கிறது? அங்க ஒராள் படுத்திருக்கிறதே போதும்."

குடித்தேன். உப்பு இருந்ததா என்று தெரியவில்லை.

உள்ளே போனால் இவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நெஞ்சிலிருந்து வயர்கள் தொங்கின.

"பாப்பா படம் வந்துச்சா?"

"வந்துச்சுங்க."

ஃப்ளோரன்ஸில் அவள் எடுத்து எனக்கு மட்டும் தனியாக அனுப்பிய பழைய படம் ஒன்று இருந்தது. அதைக் காட்டினேன். அவர் இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினார்.

"ஊர்ல இருக்கற சிலையெல்லாம் பாத்துட்டா. ஒருத்தனுக்காவது இடுப்புல துணி இருக்கா பாரு."

"சும்மா இருங்க, நர்ஸ் வராங்க."

"அவங்களுக்குத் தமிழ் தெரியாது. சிரிக்க வைக்காத, வயர் இழுக்குது." கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "மூஞ்சி வாடிருக்கே. சாப்பிடல போல. கேளு."

"கேட்டுட்டேன். சாப்ட்டாளாம்."

அந்த நிமிடம் என் நிலைமை எனக்கே தெளிவாகத் தெரிந்தது. மகளிடம் அப்பா நலம் என்று சொல்லியிருந்தேன், அப்பாவிடம் மகள் நலம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டுமே உண்மை இல்லை என்பது தெரிந்த ஒரே ஆள் நான்தான். மானிட்டரில் பச்சைக் கோடு ஏறி இறங்குவதைப் பார்த்தபடி நின்றேன். நான் வாயைத் திறந்தால் அந்தக் கோடு என்ன ஆகுமோ என்று இருந்தது.

கார் நிறுத்துமிடத்துக்கு வந்து, வெளிநாட்டில் காணாமல் போனவர்களைப் பற்றிப் புகார் சொல்வதற்கான அவசர எண்ணைக் கூப்பிட்டேன். பேசியவர் பொறுமையானவர். பாஸ்போர்ட் விவரம், உயரம், கடைசியாக என்ன உடுத்தியிருந்தாள் எல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு, அவளை வருத்தப்படுத்தும்படி சமீபத்தில் எதுவும் நடந்ததா என்றார்.

இல்லை என்றேன்.

குடும்பத்தில் யாருக்காவது உடல்நலக் குறைவு, பிரச்சினை?

"இல்லை, எல்லாரும் நன்றாக இருக்கிறோம்" என்றேன். என் எதிரே ஆஸ்பத்திரியின் ஏழு மாடிகளும் விளக்கு எரிந்துகொண்டு நின்றன. வாய் அப்படிப் பழகிவிட்டிருந்தது. அதைப் பொய் என்றுகூட நான் உணரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்ததும் முடிவு செய்தேன். இன்று இவரிடம் சொல்லிவிட வேண்டும், நர்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாவது சொல்லிவிட வேண்டும். என் ஒருத்தியால் இனித் தாங்க முடியாது. லிஃப்டில் ஏறும்போது முதல் வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டேன். 'என்னங்க, பதறாம கேளுங்க.' ஐந்தாம் மாடி வரை அதையே சொல்லிப் பார்த்தேன்.

வார்டின் வாசலில் என் காலில் ஏதோ தட்டியது. அழுக்கேறிய ஒரு பெரிய முதுகுப் பை. பட்டையில் விமானச் சீட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கட்டிலில் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். இவர் கை அவள் தலைமேல் இருந்தது. என்னைப் பார்த்ததும் சத்தம் போடாதே என்று ஒரு விரலை உதட்டில் வைத்தார்.

அப்படியே தரையில் உட்கார்ந்தேன். நர்ஸ் ஓடிவந்ததும், தண்ணீர் கொடுத்ததும், அந்தச் சத்தத்தில் அவள் விழித்ததும் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது.

"ஏண்டி சொல்லல?" இதை எத்தனை முறை கேட்டேன் என்று தெரியாது.

அவள் ஆங்கிலத்தில்தான் பேசினாள். மெதுவாக, கோபமில்லாமல். அந்தப் படத்தில் அப்பா கையில் தக்காளி இருந்தது. ஜூலைக் குளிரில் நம் தோட்டத்தில் ஏது தக்காளி, அம்மா? அரைக்கைச் சட்டையில் வேறு நிற்கிறார். ரோமில் வெயில் என்பதால் எனக்கே முதலில் உறைக்கவில்லை, ஆற்றுப் பாலத்தில் பாதி தாண்டிய பிறகுதான் உறைத்தது. நீ கோடைப் படத்தை அனுப்பி ஜாலியாக இருக்கிறார் என்றால், தாத்தா கதைதான் என்று நினைத்தேன். அப்பா செத்துவிட்டார் என்று நினைத்தேன்.

இவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் அவர் கண்ணைப் பார்க்கவில்லை.

பாலத்திலேயே நின்று ஆக்லாந்தின் ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டிருக்கிறாள். இரண்டாவது இடத்தில் இவர் பெயரைச் சொன்னதும் வார்டுக்கு இணைத்துவிட்டார்களாம். உயிரோடு இருக்கிறார் என்று நர்ஸ் சொன்ன பிறகுதான் அழுதாளாம். அன்று மதியமே விமானம் ஏறிவிட்டாள்.

"அதுக்கப்புறமாவது என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நான் செத்துப் பொழச்சேன்."

"உன்கிட்ட கேட்டா உண்மை வராதும்மா" என்றாள். இதைத் தமிழில் சொன்னாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சொன்னா கிளம்பி வராதேன்னு சொல்லுவ. அதோட, நான் ப்ளைட்ல இருக்கற வரைக்கும் நீ கவலைப்படுவ" என்றாள்.

"நல்லா சொல்லிக் குடுத்திருக்க" என்றார் இவர், என்னிடம். சிரிப்பாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. அவசர எண்ணில் பேசிய அதே ஆள். வராந்தாவுக்குப் போய் எடுத்தேன். மகள் வந்துவிட்டாள், பத்திரமாக இருக்கிறாள் என்று சொல்லி நன்றி கூறினேன். ரொம்ப மகிழ்ச்சி என்றவர், கோப்பை மூடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி என்பதுபோல, வீட்டில் மற்றபடி எல்லாரும் நலம்தானே என்றார்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் இவருக்குக் கஞ்சியை ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வாய் ஊட்டிவிட்டு மானிட்டரைப் பார்த்தாள், பிறகு இன்னொரு வாய்.

"இல்லை" என்றேன். "என் கணவருக்கு மாரடைப்பு. நேற்று நீங்கள் கேட்டபோதே இங்கேதான் இருந்தார். நாளைக்கு மறுபடி ஒரு சிகிச்சை இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது."

பிறகு அவர், உங்கள் கூட யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்.