சகலன் தெருவின் இலைகள்

இந்த நாட்டில் இலை போடுவதற்கென்றே பை விற்கிறார்கள். உயரமான காகிதப் பை. ஒக்டோபர் பிறந்தால் மேப்பிள் மரத்தடியில் கிடப்பதையெல்லாம் வாரி, அதில் அடைத்து, தெருவோரம் வரிசையாக வைத்துவிடுவார்கள். நகரசபை லொறி வந்து அள்ளிக்கொண்டு போகும். நான் நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்தவன். நாலு கட்டுக் குழைக்காக, உரத்துக்கு வெட்டுகிற இலைதழைக்காக, பக்கத்துக் காணிக்காரனோடு இரண்டு வருடம் முகம் பாராமல் இருந்த குடும்பம் எங்களுடையது. அதை அடியில் புதைத்துத் தாட்டால்தான் எங்கள் மண்ணில் வாழை நிமிரும். அதனால் இந்தப் பைகளைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். அவை என் சகலன் வீட்டு வாசலில் நின்றால் கேட்கவே வேண்டாம்.

சகலன் என்றால் என் மனைவி வசந்தியின் அக்கா மலரைக் கட்டிய நடேசு அண்ணை. ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். மண்வெட்டியை எந்தப் பக்கத்தால் பிடிப்பது என்று தெரியாத மனிதர். அளவெட்டியில் மாமி வீட்டில் நாங்கள் இருவரும் சாப்பிட உட்கார்ந்தால் சோறு முதலில் அவருக்குத்தான் விழும், மூத்த மருமகன் அல்லவா? ஒருமுறை நான் சைக்கிளில் கட்டிக் கொண்டுபோன கதலிக்குலையை மாமி ஆசையாகத் தடவிப் பார்த்தார். “நடேசுத் தம்பிக்குக் கதலி எண்டால் உயிர்” என்று சொல்லி, முதற்சீப்பை வெட்டி அவருடைய கையில் கொடுத்தார். என் தோட்டத்துப் பழம்! பத்து வருடமாயிற்று, இன்னும் எனக்கு அது செமிக்கவில்லை.

எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு ஒவ்வொருவராக வெளிக்கிட்டோம். கனடாவுக்கும் அவர்தான் முதலில் வந்தார், வீடும் அவர்தான் முதலில் வாங்கினார். பழைய செங்கல் வீடு. ஆனால் அந்தத் தெருவைச் சொல்லவேண்டும். இரண்டு பக்கமும் மேப்பிள் மரங்கள் மேலே கைகோத்து நிற்கும். கீழே அகலமான நடைபாதை. பாண் கடை, நூல்நிலையம், டொக்டர் எல்லாம் நடக்கிற தூரம். கார் ஓடத்தெரியாத வசந்தி, எங்கள் வாடகை வீட்டின் பன்னிரண்டாம் மாடியில் லிப்டுக்கும் பஸ்ஸுக்கும் காத்திருந்தே அலுத்துப்போனவள், முதல்நாள் அக்காவோடு அந்தத் தெருவில் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தாள். நீர்வேலியில் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய், சந்தியால் சுற்றி, மூன்று வீட்டுப் புதினத்தோடு திரும்புகிறபோது இருக்கிற அதே முகம். அதை நான் கண்டேன். கண்டும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது சகலனின் மீதுதான்.

மறுவருடம் அவரே தொலைபேசியில் கூப்பிட்டார். “தம்பி, எங்கடை தெருவிலை அஞ்சு வீடு தள்ளி ஒரு வீடு விலைக்கு வருகுது. சின்னன்தான். ஆனால் வசந்தி காலாலையே எல்லா இடமும் போய்வரலாம். யோசிச்சுப் பாரும்.”

போய்ப் பார்த்தோம். நான் வீட்டுக்குள் போகவில்லை, நேரே பின்வளவுக்குப் போனேன். இரண்டு பெரிய மரங்கள். மூன்றாவது, பக்கத்து வீட்டுக்காரனுடையது, எங்கள் பக்கம் சாய்ந்து நின்றது. ஒரு சாண் வெயில் இல்லை. எங்கள் ஐயாவின் காணியில் அயலவனின் பூவரச நிழல் விழுந்த வரிசையில் ஒரு வாழையும் ஒழுங்காகக் குலை தள்ளியதில்லை. நிழல் என்பது அயலவன் உன் காணிக்குள் நீட்டுகிற கை என்று படித்து வளர்ந்தவன் நான். வீட்டு ஏஜன்ற், ஒரு வெள்ளைக்காரப் பெண், அண்ணாந்து பார்த்து, “எவ்வளவு அழகான நிழல்!” என்றாள். இவற்றைத் தறிப்பதற்கு யாரைப் பிடிக்கவேண்டும் என்று நான் கேட்டேன். பகிடி என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிக்காமல் நிற்பதைக் கண்டதும் அவள் முகம் மாறிவிட்டது.

“எனக்கு நிழல் காணும். மிளகாயைக் கடையிலை வாங்குவம்” என்றாள் வசந்தி.

“உமக்குத் தோட்டம் விளங்காது” என்றேன்.

உண்மையைச் சொன்னால் என்ன? வெயில் பாதிக் காரணம். அந்த வீட்டில் சகலன் வீட்டைவிட ஓர் அறை குறைவு. அவருடைய தெருவிலேயே, ஓர் அறை குறைந்த வீட்டில், இளைய மருமகனாகவே நான் சாகவேண்டுமா?

நகரத்துக்கு வடக்கே, புதிதாகக் கட்டிய குடியிருப்பில் வாங்கினேன். நான்கு அறை, இரட்டைக் கராஜ், விடிந்தால் பொழுதுபடும்வரை வெயில். மருந்துக்கும் ஒரு மரம் இல்லை. நடைபாதையும் இல்லை, அதை அன்று நான் கவனிக்கவில்லை. புதுவீடு குடிபூரலுக்கு வந்த சகலன் நான்கு அறையையும் எட்டிப் பார்த்து, “நல்ல வெளிச்சம் தம்பி” என்றார். அன்று ஒருநாள் எனக்குச் சோறு இறங்கியது. அடுத்த கிழமை மண்வெட்டியைப் போட்டால், புல்லுக்குக் கீழே ஒரு சாண் மண், அதற்குக் கீழே வெறும் களிமண். வீடு கட்டியவர்கள் மேல்மண்ணை வழித்துக்கொண்டு போயிருந்தார்கள். நட்ட மிளகாய் எல்லாம் சுருண்டுபோயின. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். எனக்குச் சூரியன் மட்டும் தாராளமாக இருந்தது.

வசந்தி ஒருநாள் றோட்டோரமாக நடந்து பார்த்திருக்கிறாள். ஒரு கார் நின்றது. உங்கள் கார் பழுதாகிவிட்டதா என்று ஒருவர் கேட்டாராம். இல்லை, நடக்கிறேன் என்றாளாம். அவருக்கு அது விளங்கவில்லை, எங்கே கொண்டுபோய் விடவேண்டும் என்று திருப்பித் திருப்பிக் கேட்டாராம். “இஞ்சை நடக்கிற ஆளைக் கண்டால் பாவப்படுகினம்” என்று சொல்லிச் சப்பாத்தைக் கழற்றி வைத்தவள், பிறகு அந்த றோட்டில் இறங்கவில்லை. சனிக்கிழமைகளில் அக்கா வீட்டில் கொண்டுபோய் விடச் சொன்னாள். அது சனி, ஞாயிறு என்று ஆனது. இலை பழுக்கத் தொடங்கியபோது வெள்ளி பின்னேரமே பையோடு நின்றாள்.

அந்த நாட்களில்தான் நீர்வேலியிலிருந்து என் அண்ணையின் கடிதம் வந்தது. சண்டையால் யூரியா உரத்துக்குத் தடை, வன்னியிலிருந்து குழை லொறியும் வருவதில்லை, வேலிப் பூவரசுக்கு அடிபிடி என்று எழுதியிருந்தார். “அங்கை நீ குழைக்கு என்ன செய்யிறாய்?” என்றும் கேட்டிருந்தார்.

என்ன செய்கிறேன்? சகலன் தெருவில் பொறுக்குகிறேன். ஊரில் இதை வாசிக்கிறவர்கள் சிரிக்கலாம். ஒரு ஞாயிறு பின்னேரம் வசந்தியைக் கூட்டிவரப் போன இடத்தில், முதலில் இரண்டு பை காரில் ஏற்றினேன். எதிர்வீட்டுக் கிழவி வெளியே வந்தாள். ஏதோ கேட்கப்போகிறாள் என்று பயந்தேன். அவள் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் வீட்டின் பின்பக்கத்தைக் காட்டினாள், அங்கே இன்னும் ஆறு பை. அடுத்த ஞாயிறும் இதே நேரம் வருவாயா என்றாள். இரட்டைக் கராஜ்காரன் நான், தலையை ஆட்டினேன். சகலன் வாசலில் நின்று பார்த்தார். “தம்பி, இஞ்சையும் ஒண்டு கிடக்கு, கொண்டு போம்” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் தாங்கமுடியவில்லை.

வசந்தியும் மலர் அக்காவும் தெரு முடக்கிலிருந்து நடந்து வந்தார்கள். சருகைக் காலால் அளைந்துகொண்டு, ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். வசந்தியின் அந்தச் சிரிப்பு என் வீட்டின் நான்கு அறையில் ஒன்றிலும் கேட்டதில்லை. அந்த மரங்களின் மேல்கூட எனக்குப் பொறாமை வந்தது.

“ஏறும், இருட்டப்போகுது” என்றேன்.

அவள் காருக்குள் எட்டிப் பார்த்தாள். பின்சீற் முழுவதும் பைகள்.

“நீங்கள் இலையைக் கொண்டு போங்கோ. நான் இன்னும் ஒருக்கால் நடந்திட்டு அக்காட்டை நிக்கிறன்.”

“அப்ப எப்ப வாறீர்?”

“வருவன்தானே” என்றாள். திரும்பி நடந்தாள்.

சகலனின் பை மட்டும் ஏற்றாமல் தெருவில் நின்றது. விட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் பார்த்தேன், தோட்டக்காரப் புத்தி விடவில்லை. பின்னால் இடமில்லை. முன்னுக்கு, வசந்தி இருக்கிற சீற்றில் வைத்தேன். வழியில் சரிந்து விழாமல் பெல்ற்றையும் இழுத்துப் போட்டுவிட்டேன். பிறகு நானும் அதுவுமாக வீட்டுக்குப் போனோம்.