கடலில் நின்று தைத்த அறுபத்திரண்டு ஜோடி

விடியற்காலையில் தன் ஊரான காணையில் ஷூ கம்பெனி பஸ் ஏறினால், திண்டிவனம் வரும்வரை ஜெசிந்தாவுக்குக் கனவுதான். இறங்கித் தையல் மிஷினில் உட்கார்ந்த பிறகும் அது விடாது. ஷூவின் மேல்தோலில் ஒரு தையல் போடுவது அவள் வேலை. ஊசி ஓட ஓட, பொம்மையார்பாளையத்துக் கடல் வந்துவிடும். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை பார்த்த கடல். அலை முழங்கால்வரை ஏறும், காலடியில் மணல் நழுவும், அவள் சிரித்துக்கொண்டு நிற்பாள். கை அதுபாட்டுக்குத் தைத்துக்கொண்டிருக்கும்.

உற்பத்தியைக் கூட்ட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து ரஞ்சித் என்ற இன்ஜினியர் ஸ்டாப்வாட்சும் கையுமாக வந்தார். எத்தனையோ பேர் இருக்க, அந்த மனுஷன் வந்து நின்றது ஜெசிந்தாவின் முதுகுக்குப் பின்னால். அவளோ அந்நேரம் இடுப்பளவு தண்ணீரில் இருந்தாள். ஒரு மணி நேரத்தில் அறுபத்திரண்டு ஜோடி! நாற்பத்தெட்டைத் தாண்டியறியாத லைனுக்கு, மறுநாள் அதையே டார்கெட் என்று போர்டில் எழுதிவிட்டார்கள்.

பக்கத்து மிஷின் சங்கவி பிடித்துக்கொண்டாள். "ஏண்டி ஜெசி, வாட்ச் வச்சிக்கினு ஆளு நின்னா மெதுவா தைக்கணும்னு ஒனக்குத் தெரியாதா?"

"சத்தியமா அவரு நின்னதயே நான் பாக்கலடி."

யார் நம்புவார்கள்? நல்ல பெயர் வாங்கத் தைத்தாள் என்றார்கள். இந்தப் பக்கத்து மிஷின் கெங்கம்மாள் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஐம்பதைத் தாண்டியவள், விரலெல்லாம் வீக்கம், முட்டி மோதினாலும் நாற்பத்தைந்துதான். சனிக்கிழமைக்குள் டார்கெட்டைத் தொடாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று அவளிடம் சொல்லிவிட்டார்கள். அவள் பேசாமல் இருந்ததுதான் ஜெசிந்தாவை அறுத்தது.

வெள்ளிக்கிழமை நேரே ரஞ்சித்திடம் போய் நின்றாள்.

"அந்த அறுபத்திரண்டு தப்புங்க சார்."

"நான்தானேம்மா டைம் எடுத்தேன்?"

"எடுத்தீங்க சார். ஆனா அன்னைக்கி நான் இங்க இல்ல."

அவர் விழித்தார். வெட்கம் பிடுங்கித் தின்றாலும் கடலை, அலையை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். "இங்க இருந்தா எனக்கும் நாப்பத்தஞ்சுதாங்க வரும். இன்னொருவாட்டி பாருங்க. இந்தவாட்டி நான் எங்கயும் போவல."

ரஞ்சித் சிரிக்கவில்லை. அவள் மிஷின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு வாட்சோடு உட்கார்ந்தார். அவள் தைக்கத் தொடங்கினாள். தோலின் நாற்றம், மிஷினின் சூடு, கழுத்துவலி, பக்கத்தில் கெங்கம்மாளின் பெருமூச்சு. இத்தனை வருஷமும் இதெல்லாம் இங்கேதான் இருந்ததா என்று அவளுக்கே மலைப்பாக இருந்தது. நடுவில் கடல் வந்து எட்டிப் பார்த்தது. அவள் திரும்பவில்லை.

சரியாக நாற்பத்தைந்து. ரஞ்சித்தே எழுந்து போய்ப் போர்டில் அறுபத்திரண்டை அழித்துவிட்டு நாற்பத்தைந்து என்று எழுதினார்.

சாப்பாட்டு நேரத்தில் கெங்கம்மாள் தன் கேப்பைக்களியில் பாதியைப் பிட்டு அவள் டப்பாவில் வைத்தாள். "துன்னு புள்ள" என்றாள், அவ்வளவுதான்.

ஜெசிந்தாவுக்கு வயிறு நிறைந்த சந்தோஷம். ஆனால் கடல் வந்தால் கை வேகமெடுத்துவிடுமோ என்று இப்போதெல்லாம் பயம். வரும்போதே விரட்டிவிடுகிறாள். மணிக்கு நாற்பத்தைந்து ஜோடி, கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு தைக்கிறாள்.