பாய்லர் அறையில் முளைத்த பயறு

நீராவி என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது என் சித்தியின் சமையலறையில். சித்திக்கு மூன்று பெண்கள். கடைக்குட்டிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. வெங்காயம் உரித்துக்கொண்டே சித்தி சொன்னாள், "பையன் லாண்டரியில பாய்லர் பார்க்கிறானாம். கூட வேலை செய்யறவங்க நீராவின்னுதான் கூப்பிடுவாங்களாம்."

"ஏன் சித்தி, பொசுக்குன்னா கொதிப்பாரோ?"

"கோபமே வராதாம்டி. அதான் எனக்குப் பயமா இருக்கு."

உள்ளே இருந்து கடைக்குட்டி குரல் கொடுத்தாள்: "துணி துவைக்கிற வேலை எனக்கு மிச்சம். சரின்னு சொல்லிடும்மா!"

சிரிப்பும் கும்மாளமுமாக முடிந்த சம்பந்தம்.

அவர் வேலை செய்த லாண்டரிக்கு விடுதிகளிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். அழுக்கைத் தண்ணீர் எடுக்கும், நோயை ஆவிதான் எடுக்கும் என்பார். குழாய்க்கு மேலே உள்ளங்கையைக் காட்டியே சூடு போதுமா போதாதா என்று சொல்லிவிடுவார். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே ஒன்றைச் சொல்லுவார்: "ஈரத் துணியைக் கதகதப்பான இடத்துல மூட்டை கட்டி வைக்காதே. கிருமி உள்ளே குடும்பம் நடத்தும்." முப்பது வருஷம் இதையே சொன்னவர். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர்களுக்கு ஒரே மகள். மூக்குக் கண்ணாடிக் கடையில் கண்ணாடிக்குச் சட்டம் பொருத்துகிற வேலை. என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுவாள். வரும்போதெல்லாம் என் கண்ணாடியைப் பிடுங்கித் துடைத்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பாள். இருபத்து மூன்றாம் வயதில் அவளுக்கு ரத்தத்தில் புற்று என்றார்கள்.

முதல் தடவை மருந்து ஏற்றி வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸம்மா அப்பா, அம்மா இரண்டு பேரையும் நிறுத்திவைத்துச் சொன்னாள்: "இந்த மருந்து ஏத்தினா உடம்புல காவலுக்கு ஆளே இருக்காது. எது கொடுத்தாலும் நல்லா வேகவச்சுக் கொடுங்க. பச்சையா எதுவும் கூடாது." இவரும் தலையாட்டினார்.

லாண்டரியில் கஞ்சி போட்ட சட்டைகளைச் சுற்றப் பழைய பத்திரிகைத் தாள்கள் அடுக்கியிருக்கும். அதில் ஒரு தாள் அவர் கண்ணில் பட்டது. காய், பழம், கீரை, முளைகட்டிய பயறு எல்லாம் நோய் எதிர்ப்புச் சக்திக்கு நல்லது என்று படம் போட்டு எழுதியிருந்தது. அந்தத் தாளில் பொய் எதுவும் இல்லை. நல்ல உடம்புக்காரர்களுக்கு எழுதியது, அவ்வளவுதான். அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

"அக்கா, காவலுக்கு ஆள் இல்லைங்கறாங்க. ஆள் சேர்க்கிற வழி இதுல இருக்கு. வேகவச்சுக் கொடுன்னா எப்படி? ஆவி பட்டா சாயம் போகுது, கம்பளி சுருங்குது, ரப்பர் இத்துப்போகுது. கீரையில மட்டும் சத்து நிக்குமா?"

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. "கீரை தின்னு கெட்டுப்போனவங்க யாரு மாப்பிள்ளே? கொடுங்க" என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததுதான். மறைக்கவில்லை.

வீட்டில் பயறு முளைக்க இரண்டு நாள் ஆகும். அவருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. பாய்லர் குழாய்க்குப் பின்னால் ஒரு பலகை உண்டு. எப்போதும் கதகதப்பாக இருக்கும். அதில் ஈரத் துண்டில் பயறு கட்டி வைத்தார். சாயங்காலம் கட்டினால் மறுநாள் காலையில் விரற்கடை நீளத்துக்கு முளை. "நீராவி அண்ணே, இன்னைக்கு எத்தனை பிரசவம்?" என்று லாண்டரியில் கிண்டல் பண்ணினார்கள். அவருக்குப் பெருமைதான். கூடவே கீரையைப் பச்சையாக அரைத்துச் சாறு எடுத்தார்.

மகளுக்கு வாயெல்லாம் புண். ஒவ்வொரு பயறாக மென்றாள்.

"அப்பா, நான் உங்க பொண்ணா, ஆடா?"

"ஆட்டைப் பாரு, இலை தழை தின்னு எவ்வளவு தெம்பா இருக்கு!"

"ஆடு கடைசியில எங்கே போகும்னு தெரியும்ல?"

அவர் சிரித்தார். நான் அப்போது அங்கேதான் இருந்தேன்; நானும் சிரித்தேன்.

அவள் அம்மா, என் சித்தியின் கடைக்குட்டி, தங்கை மட்டும் அரித்துக்கொண்டே இருந்தாள், நர்ஸ் சொன்னதை மறந்துட்டீங்களா, மறந்துட்டீங்களா என்று. மகள் அவளை அறைக்குள் கூப்பிட்டு, "விடும்மா. அப்பாவுக்குன்னு செய்யறதுக்கு இது ஒண்ணுதானே இருக்கு" என்றாள். அதோடு தங்கை வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்களின் எண்ணிக்கை ஏறியிருந்தது. "பார்த்தியா!" என்று துள்ளினார். மருந்துக்கும் மருந்துக்கும் நடுவில் அது தானாகவே ஏறுமாம். எங்களுக்கு அப்போது தெரியாது. பயறு கட்டுகிற துண்டு ஒன்று இரண்டானது.

இரண்டாம் தடவை மருந்து ஏற்றிய ஏழாம் நாள் குளிர்காய்ச்சல், வயிற்றுப்போக்கு. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் கேட்டார், "பச்சையா ஏதாவது சாப்பிட்டாங்களா?"

அவர் பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தே காட்டினார். வரும் வழியில் கொடுக்கலாம் என்று கொண்டுவந்திருந்தார்.

"இதை எங்கே முளைகட்டினீங்க?"

"பாய்லர் ரூம்ல சார். ஈரத் துணியில மூட்டை கட்டி, கதகதப்பா..."

அங்கேயே நின்றுவிட்டது பேச்சு. வேலைக்குப் புதிதாக வந்த பையன்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார் அந்த வார்த்தைகளை! டப்பா மூடி கீழே விழுந்து உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

"இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது," என்றார் டாக்டர். "ஆனா பச்சையா வேண்டாம்னு சொல்லித்தானே அனுப்பினோம்?"

ஒன்பது நாள் ஊசி மாற்றி ஊசி போட்டார்கள். நாலாம் நாள் மகள் என் கண்ணாடியைக் கேட்டு வாங்கி, துடைக்க முடியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். பத்தாம் நாள் காலையில் போய்விட்டாள்.

தங்கை கத்தவில்லை, திட்டவில்லை. எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு ஒன்றுதான் கேட்டாள்: "நர்ஸ் சொன்னது உங்க காதுல விழுந்துச்சுல்ல?"

"விழுந்துச்சு."

இரண்டு பையில் துணியை அடுக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். ஒரு வாரம் இருப்பாள் என்று நினைத்தேன். நாலு வருஷம் ஆகிறது.

அவர் ஒரே ஒரு தடவை வந்தார். உள்ளே வரவில்லை. தங்கை கதவுக்குப் பின்னால் நின்றாள், எட்டிப் பார்க்கவில்லை.

"அக்கா, கீரையும் பயறும் நல்லதுதானே?"

"நல்லதுதான் மாப்பிள்ளே."

"அப்போ நான்தான்."

நானும்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் படி இறங்கிவிட்டார். இப்போது எதையும் குழையக் குழைய வேகவைத்துத்தான் தின்கிறாராம், பழத்தைக்கூட வேகவைக்கிறாராம்.

அவருக்கு இப்போது அறுபது வயது. வீட்டில் தனியாக இருக்கிறார். அதே லாண்டரியில், அதே பாய்லர் பக்கத்தில் வேலை செய்கிறார்.