வலிக்கவில்லை என்று சொன்னேன்

ஹைதராபாத் குஷாய்குடாவில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் டிரெஸ்ஸிங் அறையில் அன்று இருந்தவர்கள் நான்கே பேர்: நர்ஸ் ஸ்வரூபா, என் மனைவி செல்வி, ஏழாவது படிக்கும் எங்கள் மகள் காவ்யா, அப்புறம் நான். வெந்துபோன என் வலது புறங்கையில் அப்பியிருந்த தோசை மாவையும் ஒரு ஆளாகச் சேர்த்துக்கொள்ளலாம். எல்லோரும் என்னை விட்டுவிட்டு அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்வரூபா உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்து மாவை மெல்ல எடுத்தார். அடியில் இரண்டு பருப்பும் ஒரு கறிவேப்பிலையும் வந்தன. "சாம்பார் ஹை, தோசை ஹை. சட்னி நக்கோ க்யா, மாஸ்டர்?" என்றார். சாம்பார் இருக்கு, தோசை இருக்கு, சட்னி வேண்டாமா என்று இந்த ஊர் உருதுவில் கேட்கிறார். செல்வி சிரித்துவிட்டாள். பதினான்கு வருடமாக என் சமையலுக்குச் சிரிக்காதவள்.

எங்கள் கோவில்பட்டிப் பக்கம் கை சுட்டால் மாவைத்தான் அப்புவோம், குளுகுளுவென்று இருக்கும். இந்த ஊர்க்காரர்கள் என்றால் குழாயடிக்கு ஓடியிருப்பார்கள். குழாயைத் திறந்து கையை ரொம்ப நேரம் காட்டியிருந்தால் பாதி வேதனை போயிருக்குமே, ஏன் செய்யவில்லை என்று ஸ்வரூபா கேட்டார். லாரித் தண்ணீர் வரும் காலத்தில் குழாயை அப்படித் திறந்துவிட்டால் ஓட்டல் முதலாளி என்ன சொல்வாரோ என்று பயந்தேன் என்று சொல்லவில்லை. பயம்தான் என் குலத்தொழில், தோசை அப்புறம் வந்தது.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதும் வீட்டில் என்னைத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகச் சொன்னார்கள். தீ என்றால் பயம், மாட்டேன் என்றேன். மாமா ஒருவர் "ஹைதராபாத்தில் ஓட்டல் வேலை, நெருப்புப் பயமே இல்லை" என்று அழைத்துவந்தார். அவர் சொன்ன ஓட்டலில் என்னை நிறுத்திய இடம் தோசைக்கல். அன்றிலிருந்து கேஸ் அடைத்தேனா என்று பாதி வழியிலிருந்து திரும்பிப் போய்ப் பார்க்கும் ஆள் நான். சாம்பாரில் பல்லி விழுந்திருக்குமோ என்று ஒரு பயம் உண்டு. அன்று காலையும் பல்லி பார்க்கத்தான் மூடியைத் திறந்தேன். பல்லி இல்லை. நிம்மதியாகத் திரும்பியபோது முழங்கை கரண்டிக் காம்பில் பட்டு, கொதிக்கிற சாம்பார் கையில் கவிழ்ந்தது.

ஸ்வரூபா மோதிரத்தைச் சோப்பு போட்டுக் கழற்றினார். வீங்கினால் விரலை இறுக்குமாம். பிறகு என் இடது கையைப் பிடித்து, உள்ளங்கையைப் புண்ணுக்கு மேலே படாமல் நீட்டிக் காட்டினார். சத்தியம் வாங்குகிறார் என்று நினைத்து, "சாமி சத்தியமா பல்லி இல்ல சிஸ்டர்" என்றேன். அவர் அளந்துகொண்டிருந்தார். எவ்வளவு தோல் வெந்தது என்பதற்கு அவரவர் உள்ளங்கைதான் அளவாம்.

அடுத்துதான் என் கெட்டிக்காரத்தனம். உறை போட்ட விரலால் ஓர் இடத்தை அழுத்தினார். வெளுத்து, திரும்பச் சிவந்தது. "நொப்பி உந்தா?" என்றார். வலிக்கிறதா என்று அர்த்தம். கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனால் வலி என்று சொன்னால் காயம் பெரிது என்று எழுதிவிடுவார்கள், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள், மாவு சுழற்றும் கை போய்விடும். "லேது" என்றேன். இல்லை.

சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் முகம் மாறிவிட்டது. இன்னொரு இடம் தொட்டார். "லேது." சுண்டுவிரல் பக்கம் வெளிறிய ஒரு திட்டு. "அஸ்ஸலு லேது" என்று வீரமாகச் சொன்னேன், துளிகூட இல்லை என்று. அவர் போனை எடுத்து டாக்டரிடம் பேச ஆரம்பித்தார். கிராஃப்டிங் என்ற ஒரு சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. தொடைத் தோலைச் சீவிக் கையில் ஒட்டுவது.

"ஏங்க, என்னங்க சொல்லுது அந்தம்மா?" என்றாள் செல்வி.

"ஒண்ணுமில்ல, வலிக்கலன்னுதான் சொன்னேன்."

வீட்டில் நாங்கள் தமிழில் கேட்க, தெலுங்கில் பதில் சொல்லும் காவ்யா போனிலிருந்து தலையைத் தூக்கினாள். "அபத்தம் செப்துன்னாரு சிஸ்டர். ஆட்டோலோ அந்தா ஏட்சாரு." பொய் சொல்கிறார், ஆட்டோவில் முழுக்க அழுதுகொண்டுதான் வந்தார் என்று பெற்ற அப்பனைக் காட்டிக்கொடுத்தாள்.

"வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா?" என்று செல்வி என் முதுகில் ஒன்று வைத்தாள். நான் அவள் பக்கம் திரும்பிய நேரத்தில் ஸ்வரூபா அந்த வெளிறிய திட்டில் ஊசி முனையால் தொட்டார். "ஐயோ அம்மா" என்று பெஞ்சிலிருந்து எழுந்தேவிட்டேன்.

"பகுத் அச்சா", ரொம்ப நல்லது என்று போனை வைத்தார். ஆழமாக வெந்த இடம்தான் வலிக்காதாம், அங்கே உணர்ச்சி செத்துப்போயிருக்கும். வலித்தால் அடியில் தோல் உயிரோடு இருக்கிறது, அதுவே வளர்ந்துவிடும். "உனக்கு நல்ல நொப்பி மாஸ்டர்" என்று பரிசு கொடுப்பது போலச் சொல்லி, விரல்களைத் தனித்தனியாகச் சுற்றினார். சேர்த்துச் சுற்றினால் ஒட்டிக்கொள்ளுமாம். வலித்தாலும் தினமும் மடக்கு, இல்லாவிட்டால் கரண்டியைப் பிடிக்கவே முடியாது என்றார். அதற்குப் பயந்தே தூக்கத்தில்கூட மடக்கினேன்.

இப்போது திரும்பக் கல்லுக்கு முன்னால் நிற்கிறேன். தோசை வட்டமாகத்தான் வருகிறது. புறங்கையில் வளர்ந்த தோல் வெளிர்ச் சிவப்பு, அது இந்த ஊரிலேயே பிறந்தது. மணிக்கட்டுக்கு மேலே கோவில்பட்டியிலிருந்து ரயிலில் வந்த பழைய கறுப்பு. கல்லின் அனல் புதுத் தோலில் சுள்ளென்று உறைக்கிறது. பழையது எத்தனையோ வருடம் அனலில் நின்று மரத்துவிட்டது, சும்மா இருக்கிறது. வலிக்கிற இடம்தான் உயிரோடு இருக்கிற இடம் என்ற ஸ்வரூபாவின் கணக்கை இந்தக் கையில் போட்டுப் பார்த்தால் எந்த ஊர் மிஞ்சும் என்று ஒரு யோசனை வரும். முழுதாகப் போட்டு முடிக்கப் பயந்து, அதற்குள் அடுத்த தோசையை ஊற்றிவிடுவேன்.