மாடிக்கு எட்டாத சொல்

அடிவயிற்று உறுமலாகக் கிளம்பிய சத்தம், மெல்ல ஏறி ஏறிக் காதைத் துளைக்கும் கீச்சலாகப் போய் நின்றது. மரீஹா தலையைச் சாய்த்துக் கேட்டாள். உதட்டைப் பிதுக்கினாள். "இன்னொருக்கா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடியும் ஓடவிட்டாள். எந்த மண்டபத்துக்குள் நுழைந்தாலும் அவளுக்கு இதுதான் முதல் வேலை. மற்றவர்கள் மைக்கைத் தட்டி "ஹலோ, ஹலோ" சொல்வதோடு சரி. இவளுக்குக் கட்டடமே வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும்.

நெல்லித்தோப்பில் அவள் அத்தா ஹாஜா நடத்திய மைக்செட் கடையை இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். ஒலிபெருக்கிகளுக்கு நடுவே ஒரு லேப்டாப். திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கோடு. ஒரு கட்டம் சத்தத்தை உண்டாக்கும், ஒன்று அதைக் கீழிருந்து மேலே ஏற்றும், மற்றொன்று கூட்டும், குறைக்கும். பக்கம் பக்கமாக புரோகிராம் எழுத அவளுக்குத் தெரியாது. "ஒயரு சொருவத் தெரிஞ்சவளுக்கு இது ஒரு வித்தையா?" என்பாள். யூடியூபைப் பார்த்து, திட்டித் திட்டிக் கற்றுக்கொண்டது. அரியாங்குப்பம் பாலத்தில் ஸ்கூட்டியில் போகும்போதுகூட அதே ஊளையை வாயால் இட்டுக்கொண்டு போவாள். பக்கத்தில் வருபவர்கள் வழிவிட்டுவிடுவார்கள்.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் அவளுடைய கல்யாணம். கீழே ஆண்கள் பக்கம் நிக்காஹ் நடக்கும். மணப்பெண்ணும் மற்றப் பெண்களும் மாடியில். அவர்களுக்கென்று ஒரே ஒரு ஸ்பீக்கர் பெட்டி. "மாப்ள என்னா சொன்னாருன்னே எனக்குத் தெரியாது. ஒரே கொரகொரன்னு கேட்டுது. அப்பறம் யாரோ வந்து ஆயிடுச்சின்னாங்க. ஆயிடுச்சின்னு எறக்கி வைக்க அது என்ன பிரியாணியா?" அந்தச் சம்மதச் சொல்லை எத்தனை தடவை வேண்டுமானாலும் திருப்பிச் சொல்லக் கணவர் ஹாதி தயார். அவள் ஒப்புக்கொள்வதில்லை. போனது போனதுதான்.

இப்போது, விடிந்தால் அவள் தங்கை இஷ்ரத்தின் நிக்காஹ், உப்பளத்தில் மரீஹாவின் கல்யாணம் நடந்த அதே மண்டபம். இவளுக்காவது கேட்க வேண்டும். காலையிலிருந்து மாடியில் சத்தத்தை ஏற்றி ஏற்றிப் பார்த்தும் அந்தக் கொரகொரப்பு எங்கிருந்து வருகிறதென்று பிடிபடவில்லை. மண்டப மேனேஜர் செல்வகுமார் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, கல்யாண மண்டபமா, மில்லா? சங்கு ஊதிக்கினே இருக்க?"

"கண்டுபுடிக்காம போவ மாட்டேண்ணே. நீங்க காதுல பஞ்சு வெச்சிக்குங்க."

சொல்லிவிட்டாளே தவிர, கைகால் ஓடவில்லை. திரையையே முறைத்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். அவள் போட்டிருந்த கட்டம் சத்தத்தை ஒரே வேகத்தில் ஏற்றியது. அதனால் கீழ்ச்சுருதி கண்ணிமைக்கும் முன்னே ஓடிப்போய், மீதி நேரமெல்லாம் கீச்சல்தான். ஆண்குரல் இருப்பதோ அந்தக் கீழ்ச்சுருதியில்! ஒரு கோட்டைப் பிடுங்கி வேறொரு கட்டத்தில் செருகினாள். இனி அதிர்வு ஒவ்வொரு தடவை இரட்டிப்பதற்கும் ஒரே அளவு நேரம். உறுமல் இப்போது நிதானமாக நடந்து வந்தது.

பாதி வழியில், ஸ்பீக்கருக்குப் பின்னாலிருந்த திரைச்சீலைக்குள் 'ஜிர்ர்ர்' என்றது.

சத்தத்தை அங்கேயே நிறுத்திப் பிடித்து, சீலையை விலக்கினாள். உள்ளே மார்பளவுக்குச் சஹன் தட்டுகள். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டுகள், கழுவி அடுக்கியவை, ஒன்றோடொன்று பல்லைக் கடித்து நடுங்கிக்கொண்டிருந்தன. உள்ளங்கையால் அழுத்தினாள், அடங்கின. எடுத்தாள், மறுபடி ஜிர்ர்ர். நிக்காஹ் முடிந்துதானே சாப்பாடு? மாப்பிள்ளை பேசும் நேரத்தில் தட்டுகள் அத்தனையும் இங்கேயேதான் காத்திருக்கும். அவள் கல்யாணத்தன்றும் இவைதான் கொரகொரத்திருக்கும். பாழாய்ப்போன தட்டுகள்! அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

"இத்த எல்லாம் கீழ எறக்கணும்ண்ணே."

"அதெப்பிடிம்மா? நிக்காஹ் முடிஞ்ச ஒடனே மாடில சாப்பாடு போடணும். தூக்கினு ஏற ஆளில்ல."

"நான் தூக்கறேன். இப்ப எறக்கறதும் நான்தான், நாளைக்கு ஏத்தறதும் நான்தான்."

இறக்கினாள். பாதியில் செல்வகுமாரும் முனகிக்கொண்டே ஒரு அடுக்கைத் தூக்கினார்.

மறுநாள் மாடி நிரம்பி வழிந்தது. நிக்காஹ் நடத்திவைக்கும் ஹஜ்ரத்தின் குரல் ஒவ்வொரு சொல்லாகத் தெளிந்து வந்தது. பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரும் மஹர் இவ்வளவு என்று சொல்லிச் சம்மதம் கேட்டார். மாப்பிள்ளை ஃபவாஸ் தொண்டையைச் செருமியது கேட்டது. எச்சில் விழுங்கியதும் கேட்டது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"கபில்த்து."

ஏற்றுக்கொண்டேன் என்ற அந்த ஒற்றைச் சொல், பக்கத்தில் உட்கார்ந்து சொன்னதுபோல் விழுந்தது. குனிந்திருந்த இஷ்ரத் நிமிர்ந்து, சிரித்துக்கொண்டே அக்காவைத் தேடினாள்.

மரீஹா எல்லாருக்கும் முதுகைக் காட்டியபடி, தூசியே இல்லாத ஸ்பீக்கர் பெட்டியைத் துப்பட்டா முனையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.