வெளிப்பக்கம் திறந்த கதவு

மூன்று வருடங்களுக்கு முன்பு, சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மத்தியானம். இடம், விருத்தாசலத்தில் என் பட்டறை. பீங்கான் கம்பெனிகளுக்குச் சூளை செய்து கொடுப்பது என் தொழில். சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கத் தெரிந்தவள் என்று யாரோ சொல்லி, வடக்கே பனிமலையில் வனக் காவலர்கள் நாலு பேர் தங்க ஒரு குடில் செய்யும் வேலை என் தலையில் விழுந்திருந்தது.

ஆர்டர் கொடுத்தவர்கள் என்னைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. சிமெண்ட் கூடாது, உள்ளே விறகு எரிக்கக் கூடாது, கழற்றி எடுத்தால் மலையில் தடமே இருக்கக் கூடாது, ஒவ்வொரு பலகையும் கோவேறு கழுதை சுமக்கிற எடைக்குள் இருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு போன், போனுக்கு ஒரு மாற்றம். ஏழு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு செய்து முடித்து, பட்டறை வாசலில் போல்ட் போட்டு நிறுத்தினேன். மறுநாள் காலையில் பிரித்து லாரியில் ஏற்ற வேண்டும்.

வெளியே இப்படிக் கொதிக்கும்போது உள்ளே எவ்வளவு சூடு ஏறுகிறது என்று கடைசியாக ஒருமுறை பார்க்க நினைத்தேன். வெப்பமானியோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். போன் மேஜையிலேயே கிடந்தது. அரை மணி கழித்துக் கதவைத் தள்ளினால் அசையவில்லை. தோளைக் கொடுத்து முட்டினேன். ம்ஹூம்.

கத்தினேன். ஒருவர் காதிலும் விழவில்லை. சத்தம்கூட வெளியே போகாத அளவுக்கு அவ்வளவு நன்றாகச் செய்து வைத்திருக்கிறேன். வந்த எரிச்சலில் பட்டறை ஆட்களில் ஆரம்பித்து ஆர்டர் கொடுத்தவர்கள் வரைக்கும் ஒருவரையும் விடாமல் திட்டித் தீர்த்தேன். காற்றுக்காக விட்டிருந்த துளை வழியே துப்பட்டா நுனியை வெளியே விட்டு ஆட்டியபடி நின்றேன். தலை சுற்ற ஆரம்பித்ததும் நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

டீ குடித்துவிட்டு வந்த சுமை தூக்கும் ஆட்கள் துப்பட்டா ஆடுவதைப் பார்த்து ஓடிவந்து திறந்தார்கள். பக்கத்துக் கம்பெனிக்கு வந்த களிமண் மூட்டைகளை, நிழலாக இருக்கிறதே என்று என் கதவோரமாக அவர்கள்தான் அடுக்கியிருந்தார்கள். வெளியே வந்த வேகத்தில் அவர்களைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்களுக்குக் கண்ணு தெரியாதா? உள்ள ஆளு இருக்குதான்னு பாக்க மாட்டீங்களா?"

அவர்களில் கருவேப்பிலங்குறிச்சிக்காரர் ஒருவர், தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"கதவு சாத்தியிருந்துதுங்க மேடம், தெரியல. மொதல்ல தண்ணி குடிங்க." பிறகு கதவை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். "இது பனிமலைக்குப் போற வூடுன்னாங்களே. இங்க நாங்க இருந்தோம், மூட்டைய எடுத்துட்டோம். அங்க தூங்கி எந்திரிக்கறதுக்குள்ள கதவு ஒசரத்துக்குப் பனி விழுந்து கெடந்தா, யாருங்க வந்து எடுப்பாங்க?"

பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுக் கதவின் கீலைப் பார்த்தேன். நான் செய்த சூளைக் கதவுகள் எல்லாமே வெளிப்பக்கம் திறப்பவை. சூளைக்குள் ஆள் இருப்பதில்லையே. அந்தப் பழக்கத்தில் கை அதையே செய்துவிட்டது. ஏழு மாதமாகக் குறை கண்டுபிடித்துக்கொண்டே இருந்தவர்கள் கண்ணுக்கும் அது படவில்லை.

வெட்கத்தை விட்டு அவர்களுக்குப் போன் செய்து நான்கு நாள் தவணை கேட்டேன். வந்த லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டு, கதவை உட்பக்கம் திறக்கும்படி மாற்றினேன். குடில் இப்போது மலையில் இருக்கிறது, ஆட்கள் தங்குகிறார்கள். டி.வி.யில் பனி கொட்டுவதைக் காட்டும்போதெல்லாம், அன்றைக்கு அந்த மூட்டைகளை அவர்கள் சரியான இடத்தில் அடுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.