மாப்பிள்ளைக்காக வாதாடிய போதகர்

வாதத்தில் தோற்கடித்தே ஒருவரை ஞானஸ்நானத்துக்குச் சம்மதிக்க வைத்தவன் என்ற பெருமை எனக்குக் கால் மணி நேரம் இருந்தது. போன ஆண்டு மழைக்காலத்தில், பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், என் அண்ணன் வீட்டில் வைத்து அந்தப் பெருமை வந்தது. அங்கேயே போயும் விட்டது.

நான் ஹட்டனில் தமிழ் படிப்பிக்கும் ஆசிரியன். பொங்கல், தீபாவளி மேடைகளில் பட்டிமன்றம் பேசுகிறவன். கிறிஸ்தவன் என்பதால், கடவுள் இருக்கிறார் என்று நிரூபிக்கும் புத்தகங்களை ஓர் அலமாரி நிறைய வாங்கிப் படித்தும் இருக்கிறேன். அவற்றைப் பிரயோகிக்க ஆள் கிடைக்கவில்லை என்பதுதான் என் குறை. எங்கள் தெருவில் நாத்திகரே கிடையாது. எதிரே கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா என்னைவிட உறுதியாகக் கடவுளை நம்புகிறவர்.

இந்த நிலையில்தான் அண்ணன் போனில் கூப்பிட்டார். அவர் மகளும் ஹட்டன் டவுனில் மின்சாதனங்கள் திருத்தும் ஒரு பையனும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். பையன் இந்து. ஞானஸ்நானம் எடுத்தால் கல்யாணம், இல்லாவிட்டால் இல்லை என்று அண்ணன் சொல்லிவிட்டார். பையன் மறுக்கவில்லை. "நம்பாம எப்படிங்க நம்புறேன்னு சபை முன்னால சொல்றது?" என்று மட்டும் கேட்டிருக்கிறான். அந்த ஒரு கேள்வியில் கல்யாணம் இரண்டு வருடமாக நின்றுகொண்டிருந்தது.

"நீ வந்து ரெண்டு போடு போட்டா வழிக்கு வந்துருவான்" என்றார் அண்ணன். மனைவியையும் கூட்டிக்கொண்டு அடுத்த ஞாயிறே பஸ் ஏறினேன்.

அண்ணனுக்குத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் நடு வீடு. இடைச்சுவர் கூரை வரை போகாது என்பதால், இங்கே பேசுவது இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் கேட்கும். பட்டிமன்றக்காரனுக்கு இதைவிட நல்ல மண்டபம் ஏது? நான் குரலை உயர்த்தியே ஆரம்பித்தேன். உலகம் தானாக வந்திருக்க முடியாது என்பதில் தொடங்கி ஒவ்வொரு படியாக ஏறினேன். எனக்காக வரவழைத்திருந்த மாப்பிள்ளைப் பையன் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டான்.

"எங்க அப்பா யாருக்கும் ஒரு கெடுதல் நெனைச்சதில்ல மாமா. மாரியம்மனைக் கும்பிட்டுக்கிட்டே செத்துப் போனாரு. நீங்க சொல்றது உண்மைன்னா அவரு இப்ப எங்க இருக்காரு?"

இதற்கு என்னிடம் ஓர் உவமை தயாராக இருந்தது. "மாப்பிள்ளை, நுவரெலியா பஸ்ல ஏறினவரு எவ்வளவு நல்ல மனுசனா இருந்தாலும் கண்டியில எறங்க முடியுமா?"

சுவருக்கு அந்தப் பக்கம் குபீரென்று சிரிப்பு. "அப்படிப் போடுங்க வாத்தியாரே!" என்று ஒரு குரல். யாரோ கையும் தட்டினார்கள். மாப்பிள்ளை கோப்பையைப் பார்த்தான். பிறகு அண்ணன் மகளைப் பார்த்தான்.

"சரிங்க மாமா. எடுத்துக்கிறேன்."

அண்ணன் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். மகள் யாரையும் பார்க்காமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். கூச்சம் என்று நினைத்தேன்.

ஞானஸ்நானத்துக்கு நாள் குறிக்க வரச்சொல்லியிருந்த போதகர் அப்போதுதான் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். மழை குறையட்டும் என்று அவ்வளவு நேரமும் பக்கத்து வீட்டு வாசலில் நின்றிருக்கிறார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். பாராட்டுவார் என்று சற்று நகர்ந்து இடம் கொடுத்தேன்.

உட்கார்ந்ததும், "சார், தம்பி பக்கத்துல இருந்து நான் கொஞ்சம் பேசட்டுமா?" என்றார்.

பேசினார். "பஸ்ல போர்டு இருக்கு, படிச்சுட்டு ஏறலாம். இவங்க அப்பாக்கிட்ட யாரு போர்டு காட்டினா? காட்டாத போர்டுக்காக ஒரு நல்ல மனுசனைத் தண்டிக்கிற கடவுளை நீதியுள்ளவர்னு நாம எப்படிச் சொல்றது? தம்பி கேட்டது அதுதான். நீங்க பதில் சொன்னது வேற எதுக்கோ." அடுத்து என் மற்ற வாதங்களையும் ஒவ்வொன்றாக எடுத்தார். எது நிற்கும், எது எங்கே ஓட்டை என்று காட்டினார். என் அலமாரிப் புத்தகங்களை அவரும் படித்திருக்கிறார். நான் கைதட்டல் வரும் இடங்களை அடிக்கோடிட்டுப் படித்தவன். அவர் எதிர்க்கேள்வி வரும் இடங்களில் நின்று படித்திருக்கிறார்.

பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "உங்க அப்பா எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியாது தம்பி. தெரியும்னு சொன்னா அது பொய். தீர்ப்புச் சொல்றது நான் இல்ல. ஆனா தீர்ப்புச் சொல்றவரு எப்படிப்பட்டவருன்னு தெரியும். சிலுவையில தனக்கு ஆணி அடிச்சவங்களுக்கே மன்னிப்புக் கேட்டவரு. எங்க அப்பாவையும் அவரு கையிலதான் விட்டிருக்கேன்."

மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தான். "செத்தவரு எந்திரிச்சாருன்னு சொல்றீங்களே, அதை எப்படிங்க நம்புறது?" என்றான். அன்று அவன் சத்தமாகப் பேசியது அப்போதுதான்.

போதகர் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. பயந்து ஓடிய சீடர்கள் திரும்பி வந்து, அதைச் சொன்னதற்காகவே சாகத் துணிந்ததைச் சொன்னார். பெண்களின் சாட்சியை மதிக்காத அந்தக் காலத்தில், முதலில் பார்த்தவர்கள் பெண்கள் என்று எழுதி வைத்திருப்பதைச் சொன்னார். கட்டிவிட்ட கதை என்றால் அப்படிக் கட்டுவார்களா? "பொய்யான விசயத்துக்காகவும் ஆளுங்க செத்திருக்காங்களே?" என்றான் அவன். "நல்ல கேள்வி" என்று ஒப்புக்கொண்டு, "உண்மைன்னு நம்பிச் சாவாங்க. தானே கட்டின பொய்யின்னு தெரிஞ்சும் எத்தனை பேரு சாவாங்க?" என்றார். வெகு நேரம் போனது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை. ஆனால் யாரும் வேறு வேலை பார்த்ததாகவும் தெரியவில்லை.

"பாதி புரியுதுங்க. நம்பிக்கை இன்னும் வரல" என்றான் மாப்பிள்ளை கடைசியில்.

"அப்ப ஞானஸ்நானம் இப்ப வேணாம். வாயடைச்சுப் போனதுக்கெல்லாம் நான் ஞானஸ்நானம் குடுக்கிறதில்ல" என்றார் போதகர்.

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப கல்யாணமும் இல்லீங்க பாஸ்டர்" என்றார். அடுப்படியிலிருந்து மகள் வெளியே வந்தாள்.

"அப்பா, எனக்காக இவரு கடவுள்கிட்டயே பொய் சொல்லிப் பழகிட்டா, நாளைக்கு என்கிட்ட சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?"

அண்ணன் பதிலுக்கு என்னைப் பார்த்தார். அலமாரி முழுவதையும் மனசுக்குள் புரட்டினேன். இதற்கு மறுப்பு எந்தப் புத்தகத்திலும் இல்லை.

கல்யாணம் தைக்கு அப்புறம் நடந்தது. ஒருவர் மட்டும் கிறிஸ்தவராக இருந்தாலும் நடத்தி வைக்கலாம் என்று சபையின் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டு அனுமதி வாங்கியவர் அந்தப் போதகர்தான். அண்ணனைச் சம்மதிக்க வைக்க மூன்று முறை மலை ஏறி வந்தாராம். மாப்பிள்ளை இன்னும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. மாதத்தில் ஓரிரு ஞாயிறு கோயிலில் கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்து, ஆராதனை முடிந்ததும் போதகரைப் பிடித்துக்கொள்கிறான். இருவரும் சத்தமாக வாதாடுவதை வெளியில் இருந்தே கேட்கலாம்.

விசுவாசத்துக்காக வாதாடுவது எதிரில் இருப்பவர் வாயை மூட வைப்பது என்றே அதுவரை நினைத்திருந்தேன். மூடிய வாயைத் திறக்க வைத்து, அவருடைய கேள்வியை அவரைவிட நன்றாகக் கேட்டுக் காட்டிய ஒரு மனிதரை அன்று பார்த்தேன். இப்போதும் யாராவது கடவுளைப் பற்றிக் கேட்டால், பதில் நாக்கு நுனிக்கு வருவதற்குள் அவர் முகம் வந்து நிற்கிறது.

அன்று திரும்பி வரும் பஸ்ஸில், மனசு கேட்காமல் மனைவியிடம், "ஆனா நானும் நல்லாத்தானே பேசினேன்?" என்றேன்.

"நல்லாத்தான் பேசினீங்க" என்றாள் அவள், ஜன்னலைச் சாத்திக்கொண்டே. "இன்னும் கொஞ்ச நேரம் பேசியிருந்தா நானும் மாரியம்மனுக்கு நேர்ந்துக்கிட்டிருப்பேன்."